மேடை கேட்கும் கேள்விகள்: குற்றாலக் குறவஞ்சியை வைத்துப் பாடம் நடத்தும் முறை

ஆண்டு விழா நாடகம் என்றால் நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். நன்றாகப் பாடுகிற நான்கு பேர், நன்றாக ஆடுகிற ஆறு பேர் முன்னால் நிற்பார்கள். மற்றவர்களுக்கு மரம், மான், ஊர்க்கூட்டம். பாட்டு பென்டிரைவில் ஓடும், பிள்ளைகள் வாயசைப்பார்கள். பத்து நாள் பீரியட் போய்விட்டதே என்று கணக்கு ஆசிரியர் முணுமுணுப்பார். அவர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் போடுகிற நாடகத்தில் படிப்பதற்கு எதுவும் இல்லை.

இந்த அத்தியாயம் சொல்வது வேறு வழி. ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து, பிள்ளைகளே நேரடியாகப் பாடி, ஓர் இசை நாடகத்தை மேடையேற்றுகிறார்கள். அந்த நாடகம் எழுப்புகிற கேள்விகளுக்குத் தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் வகுப்புகளில் விடை தேடுகிறார்கள். எடுத்துக்காட்டுக்குக் குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு விதி

பாடத்தை நாடகத்துக்குள் திணிக்கக் கூடாது. கதை நடுவே ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஒரு பாட்டைச் செருகினால், பாடமும் ஏறாது, நாடகமும் நடக்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிய ஒரு கேள்வி போதும்: இது தெரியாவிட்டால் காட்சி கெடுமா? கெடும் என்றால் அது பாடம், உட்கார்ந்து நடத்துங்கள். கெடாது என்றால், எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மேடையில் கற்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சிறுவர்களாகச் சேர்ந்து நடிக்கத் தொடங்கியவர்கள். இப்படிச் சிறுவர்களையே கொண்டு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் அவர்கள் நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்து, பொருள் தெரிந்து, மேடையில் பிழையில்லாமல் பாடினார்கள். ஆனால் அந்தக் கம்பெனி வாழ்க்கை அவர்களைப் பள்ளிக்கூடம் போகவிடவில்லை. நமக்குப் பள்ளியும் இருக்கிறது, மேடையும் இருக்கிறது. இரண்டையும் ஏன் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்?

ஏன் குறவஞ்சி?

குற்றாலக் குறவஞ்சியை எழுதியவர் குற்றாலத்துக்கு அருகே மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். காலம் 18-ஆம் நூற்றாண்டு. மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். 1944-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக அமைத்தார். இதன் சிங்கன் - சிங்கி உரையாடல் மேனிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றிருக்கிறது.

கதை எளிது. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி அவரைக் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறாள், நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது மலையிலிருந்து சிங்கி என்னும் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தைப் பாடி, கை பார்த்துக் குறி சொல்லி, பரிசு பெற்றுப் போகிறாள். அவளைத் தேடிக் கணவன் சிங்கன் வருகிறான். கூட்டாளி நூவனோடு பறவை பிடிக்க முயல்கிறான், பறவைகள் தப்பிவிடுகின்றன. கடைசியில் சிங்கியைக் கண்டுபிடித்து, அவள் போட்டிருக்கும் நகை ஒவ்வொன்றையும் காட்டி 'இது என்ன, அது என்ன' என்று வியந்து கேட்கிறான்.

பள்ளிக்கு இது பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. நூல் முழுக்கப் பாட்டு. ஒவ்வொரு பாட்டும் சிறியது. அச்சுப் பதிப்புகளில் கீர்த்தனைகளுக்கு மேல் இராகமும் தாளமும் குறித்திருக்கும். இன்றும் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் ஊரில் கதை நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வசந்தவல்லியைவிட ஊர் ஊராகச் சுற்றி வந்த குறத்திக்குத்தான் இதில் அதிகம் தெரியும். அறிவு யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகள் யோசிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

முழு நூலையும் போட முடியாது, போடவும் வேண்டாம். விரகப் பாடல்களில் சில, அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாதவை. அவற்றை நீக்கிவிட்டு, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்:

1. கட்டியங்காரன் வருகை, திருவுலா - 5 நிமிடம்
2. வசந்தவல்லியின் பந்தாட்டம் - 8 நிமிடம்
3. நிலவைப் பழித்தல், தோழி தூது - 5 நிமிடம்
4. குறத்தி வருகை, மலைவளம் - 10 நிமிடம்
5. குறி சொல்லுதல் - 5 நிமிடம்
6. சிங்கனும் நூவனும் பறவை பிடித்தல் - 7 நிமிடம்
7. சிங்கன், சிங்கி சந்திப்பு - 5 நிமிடம்

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு வேலைப் பங்கீடு: கட்டியங்காரன் 1, வசந்தவல்லி 1, தோழியர் 6, குறத்தி 3 (நான்கு, ஐந்து, ஏழாம் காட்சிகளுக்கு ஆளுக்கொன்று), சிங்கன் 1, நூவன் 1, குரங்குகளும் பறவைகளும் 9, பாட்டுக் குழு 10, மேடைப் பின்பணி 8. மரமாக நிற்க யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்: பொருள் தெரியாமல் கை அசையாது

பாட்டை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன் இரண்டு வாரம் வாசிப்புக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணி. அதைச் சீர் பிரித்து, சந்தி பிரித்து, பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். பொருள் புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "அபிநயத்தில் காட்டு" என்று கேளுங்கள். மலைவளப் பாட்டில் குரங்கு பழத்தைத் தான் தின்கிறதா, இன்னொன்றுக்குக் கொடுக்கிறதா என்பது தெரியாத பிள்ளையின் கை நடுவழியில் நின்றுவிடும். அங்கேயே அகராதியைத் திறக்கலாம்.

யாப்பும் இங்கே தானாக வந்து சேரும். பந்தாட்டப் பாட்டின் சந்தம் பந்தைப் போலவே துள்ளுகிறது. முதலில் உரைநடை போல வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு சந்தத்தோடு. எந்த இடத்தில் எதுகை விழுகிறதோ அந்த இடத்தில் பந்தைத் தட்டுவது போல் கை வைத்தால் காட்சி பொருந்துகிறது. எதுகை, மோனை இரண்டையும் கரும்பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டுவதைவிட இது சீக்கிரம் பதியும்.

எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, காட்சிகளை இணைக்கும் உரைநடை. கட்டியங்காரன் பேசுவதைப் பிள்ளைகளே எழுதட்டும். சிங்கனும் நூவனும் பேசுவதை "ஏலே நூவா, கண்ணியை எங்கல வச்ச?" என்று நெல்லைத் தமிழில் எழுதலாம். இன்னொன்று, கடைசிக் காட்சியின் கேள்வி - பதில் வடிவம். அதே அமைப்பில், இன்று சந்தையிலிருந்து வரும் சிங்கியிடம் சிங்கன் கேட்பது போல ஒரு புதிய கண்ணியை ஒவ்வொரு குழுவும் கட்ட வேண்டும். நல்லதாக ஒன்றைத் தேர்ந்து மேடையிலும் சேர்க்கலாம்; ஆனால் அது நம் வகுப்பு எழுதியது என்பதைக் கட்டியங்காரன் சொல்லிவிட வேண்டும்.

நிகழ்ச்சித் தாளில் தமிழ் தெரியாத விருந்தினருக்கு ஆங்கிலத்தில் கதைச் சுருக்கம் வேண்டும். ஆங்கில ஆசிரியரின் பங்கு அது. நூறு சொல்லுக்குள் எழுத வேண்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள்.

கணக்கு: தாளம் தப்பினால் அனைவருக்கும் கேட்கும்

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். மிச்ர சாபுக்கு ஏழு எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏழு அடி கொண்ட ஒரு ஜதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் இரண்டும் மறுபடி எப்போது ஒன்றாகத் தொடங்கும்? ஐம்பத்தாறாவது எண்ணிக்கை முடிந்ததும். அதாவது தாளம் ஏழு சுற்று, ஜதி எட்டு முறை. மீச்சிறு பொது மடங்கு என்பது இதுதான். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஆதி தாளம் போட, மறுபாதி 'தகிட தகதிமி' சொல்லட்டும். விடை சரியா என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. இரண்டு பாதியும் ஒன்றாக வந்து விழும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும். ஏழுக்குப் பதில் ஐந்தை வைத்தால் எங்கே சேரும் என்று அவர்களையே முன்கூட்டிக் கணித்துவிட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காலப்பிரமாணம். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்றால் ஓர் ஆதி தாள ஆவர்த்தனத்துக்கு 6 நொடி. பதற்றத்தில் பிள்ளைகள் வேகமெடுத்து 96-க்குப் போனால் 5 நொடி. நாற்பது ஆவர்த்தனம் உள்ள பாட்டு 240 நொடியிலிருந்து 200 நொடிக்குச் சுருங்கும். ஆட்டக்காரர்கள் பழகியது 240 நொடிக்கு. எதிர்விகிதம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த நாற்பது நொடி போதுமான பதில். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பிள்ளை கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து பாட்டு வாரியாக நேரத்தைக் குறிக்கட்டும். நான்கு ஒத்திகையின் நேரங்களை வரைபடமாகப் போட்டால் எந்தப் பாட்டில் ஓடுகிறார்கள் என்று தெரியும்.

மேடையின் அகலமும் கணக்குத்தான். மேடை 24 அடி அகலம் என்று வையுங்கள். பிள்ளையின் ஒரு அடவு நடை 2 அடி. குறுக்கே கடக்கப் பன்னிரண்டு நடை வேண்டும், ஆவர்த்தனத்துக்கோ எட்டு எண்ணிக்கைதான். என்ன செய்வது? இரு பக்கமும் படுதாவிலிருந்து 4 அடி உள்ளே தள்ளித் தொடங்கினால் மிச்சம் 16 அடி, எட்டு நடை, தாளமும் சரியாக முடியும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அவர்களே இந்தத் தீர்வுக்கு வரட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

சமூக அறிவியல்: குறத்தியின் வரைபடம்

மலைவளக் காட்சிதான் இந்த நாடகத்தின் நடுநாயகம். புவியியல் ஆசிரியருக்கு வேலை அதிகம். குறத்தி மலைகளை உறவு சொல்லிப் பாடுகிறாள்; கொல்லிமலை, பழனிமலை, இமயம் எல்லாம் அவளுக்குச் சொந்தம். நகைகளுக்கும் ஊர் இருக்கிறது: சிலம்பு சேலத்தில் கிடைத்தது, தண்டை கோலத்து நாட்டார் கொடுத்தது, சல்லாச் சேலை நெல்வேலியார் தந்தது. கோலத்து நாடு இன்றைய வட கேரளம். ஒரு பெரிய இந்திய வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்து நூலால் இணைத்தால், 18-ஆம் நூற்றாண்டில் ஒரு நடைப்பயணியின் உலகம் எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த வரைபடத்தையே நான்காம் காட்சிக்குப் பின்படுதாவாகத் தொங்கவிடலாம்.

அருவி எப்போது விழுகிறது என்பது அடுத்த கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறி, குளிர்ந்து, கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே தமிழ்நாடு மழை மறைவுப் பகுதி. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று நுழைவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் அடிக்கிறது. மற்ற மாவட்டங்கள் வெயிலில் காயும்போது இங்கே சீசன். சிற்றாறு இந்த மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு சேர்கிறது. இது தெரிந்த பிறகுதான் குறத்தி எந்த மாதத்தில் வருகிறாள், அவள் தோளில் ஈரம் இருக்குமா, தோழியர் விசிறியோடு நிற்கலாமா என்றெல்லாம் முடிவு செய்ய முடியும். இந்த விவாதத்துக்கு ஒரு பீரியட் முழுதாகக் கொடுங்கள்.

குரங்குகள் கையில் எந்தப் பழம்? இன்று குற்றாலம் கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். அவற்றின் தாயகம் தென்கிழக்கு ஆசியா. பின்னால் இங்கே வந்து சேர்ந்தவை. ஆகவே மாம்பழம், பலா, வாழை போதும்.

குறவர் யார்? கட்டாயம் நடத்த வேண்டிய பாடம்

இந்த நாடகத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். குறத்தி என்றதும் பாசிமணியைக் கழுத்து நிறையப் போட்டு, முகத்தில் கறுப்பைப் பூசி, கொச்சையாகப் பேசவைத்துச் சிரிப்பு வாங்குவார்கள். அது கவிராயர் எழுதிய குறத்தி அல்ல. அவருடைய குறத்தி நல்ல தமிழில் பாடுகிறாள்.

பிள்ளைகளுக்குச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். சங்க இலக்கியத்துக் குறிஞ்சி நிலக் குறவரும், ஊசிமணி விற்கும் நரிக்குறவரும் ஒரே சமூகம் அல்லர். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி இந்தோ - ஆரிய மொழி. ஆங்கில அரசு 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது; குறவரில் பல பிரிவினர் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் 1952-இல்தான் அது நாடு முழுவதும் நீங்கியது. தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்தில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

உங்கள் வகுப்பிலேயே இந்தச் சமூகங்களிலிருந்து ஒரு பிள்ளை இருக்கலாம். வேடங்களைப் பங்கிடுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். அவர்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் வேறு நாடகம் எடுங்கள். சம்மதம் என்றாலும், அந்தப் பிள்ளைக்குக் குறத்தி வேடத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். முகத்துக்கு நிறம் பூசுவதில்லை, பேச்சைக் கேலி செய்வதில்லை என்ற இரண்டும் ஒத்திகை அறைச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

குறி சொல்லும் காட்சியும் விவாதத்துக்கு உரியது. வசந்தவல்லி காதலில் இருக்கிறாள் என்பது குறத்திக்கு எப்படித் தெரிகிறது? முகவாட்டம், தோழியரின் பேச்சு, உலா வந்துபோன செய்தி ஆகியவற்றைக் கவனித்திருக்கலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51-அ பிரிவு சொல்வதை அப்போது எடுத்துப் பேசலாம்.

அறிவியல்: குரல், நிலவு, வெளிச்சம், பறவை

சுருதி முதலில். பெண்களுக்குப் பொதுவாக ஐந்து கட்டை வசதி. ஆண்களுக்கு ஒரு கட்டையை ஒட்டி. சிங்கனும் சிங்கியும் மாறி மாறிப் பாட ஒரே சுருதிப்பெட்டிதான் இருக்கிறது. போதாததற்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களின் குரல் உடையும் காலம் அது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நீண்டு தடித்த நாண் மெதுவாக அதிர்கிறது, சுருதி இறங்குகிறது. வீணைத் தந்தியில் பாதி நீளத்தைப் பிடித்தால் மேல் ஷட்ஜம் கேட்பதும் இதே கணக்கு. குரல் உடைகிற பையனைக் கேலிக்கு விடாமல், "உன் தொண்டையில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா?" என்று இந்தப் பாடத்தை அவனிடமிருந்தே தொடங்குங்கள். மேல் ஸ்தாயியில் கத்த வைக்காதீர்கள். அவனுக்குத் தாழ்ந்த ஸ்தாயி போதும்.

எதிரொலிக்கு ஒரு கைதட்டல் சோதனை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. நேரடி ஒலிக்கும் திரும்பி வரும் ஒலிக்கும் பத்தில் ஒரு நொடி இடைவெளி இருந்தால் காது இரண்டாகக் கேட்கும். பின்சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தாலே அது நடந்துவிடும். உங்கள் அரங்கத்தை அளந்து பாருங்கள். பின்சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். காலி அரங்கில் முழங்கிய பாட்டு, ஆள் நிறைந்த பிறகு ஏன் மங்குகிறது என்பதற்கும் காரணம் புரியும்.

நிலவை அட்டையில் வெட்டும் குழுவுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: வசந்தவல்லி பழிப்பது முழுநிலவையா, பிறையையா? முழுநிலவு என்றால் சூரியன் மறையும்போது கிழக்கே எழும். வளர்பிறை மூன்றாம் நாள் பிறை என்றால் மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். அதன் ஒளிரும் பக்கம் சூரியன் போன திசையைப் பார்த்திருக்கும். நள்ளிரவுக் காட்சியில் மூன்றாம் பிறையைத் தொங்கவிடும் நாடகங்கள் எத்தனையோ! உங்கள் மேடையில் எது கிழக்கு என்று முடிவு செய்துவிட்டு நிலவைத் தொங்கவிடுங்கள்.

வண்ண விளக்குகளில் சோதனை செய்யாமல் உடை வாங்காதீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் பச்சைச் சேலை கறுத்துத் தெரியும். நீல வெளிச்சத்தில் சாமந்தி மாலை மங்கிவிடும். பழைய அட்டைப்பெட்டி, டார்ச், கலர் பேப்பர் மூன்றும் இருந்தால் வகுப்பிலேயே பார்த்துவிடலாம். மின்சாரக் கணக்கும் இங்கே வருகிறது. 230 வோல்ட்டில் 1,000 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். அப்படி இரண்டை ஒரு 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாமா? கணக்கைப் பிள்ளைகள் போடட்டும். ஒயரைத் தொடுவது எலக்ட்ரீஷியன் மட்டும்.

பறவைகளுக்கு உயிரியல் ஆசிரியர். சிங்கனின் பாட்டில் நாரை, குருகு, தாரா, கூழைக்கடா என்று பறவைகள் வரிசையாக வருகின்றன. ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பறவை. நாரை எப்படிக் கால் எடுத்து வைக்கிறது, கூழைக்கடா எப்படி இறங்குகிறது என்று பார்த்து வந்து ஆட வேண்டும். திருநெல்வேலி மாவட்டப் பள்ளி என்றால் கூந்தன்குளம் சரணாலயத்துக்கே போகலாம். மற்றவர்களுக்கு ஊர்க் கண்மாயும் வயலும் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி சிறகடித்தால் காட்சி கெட்டது என்று பொருள். சிங்கனின் தொழில் இன்று குற்றம்: 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதைத் தடுக்கிறது. சட்டம் சரிதான், ஆனால் வேட்டையை நம்பி வாழ்ந்தவர்கள் பிறகு எதைச் செய்தார்கள் என்ற கேள்வியையும் விடாதீர்கள்.

பத்து வாரத் திட்டம்

வாரம் 1, 2: நூலை வாசித்தல், காட்சி பிரித்தல். வேடம் இன்னும் யாருக்கும் இல்லை.
வாரம் 3, 4: எல்லாரும் எல்லாப் பாட்டும் பாடுதல், தாளம் போடுதல். கடைசியில் வேடம் பங்கிடுதல்.
வாரம் 5, 6: பாட வாரியான தேடல். வரைபடம், நிலவு, பறவை, சுருதிச் சோதனைகள்.
வாரம் 7, 8: அசைவு, உடை, மேடைப் பொருள், செலவுக் கணக்கு.
வாரம் 9: காட்சிகளை இணைத்து ஒத்திகை.
வாரம் 10: விளக்கு, மைக் வைத்து முழு ஒத்திகை இரண்டு, பிறகு நிகழ்ச்சி.

முதல் எட்டு வாரமும் வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும். ஒலி, ஒளி, பருவக்காற்று, பொது மடங்கு எல்லாம் எப்படியும் நடத்த வேண்டிய பாடங்கள். அந்தந்த ஆசிரியர் அவற்றை இந்த வாரங்களுக்கு நகர்த்தி வைத்தால் நேரம் வீணாவதில்லை. தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மைக் செட்டுக்கு மூன்று இடத்தில் விலை கேட்பதும் வரவு செலவு எழுதுவதும் பின்பணிக் குழுவின் வேலை.

கற்றார்களா என்று எப்படித் தெரியும்?

நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது தண்டனை. அதற்குப் பதில் மூன்று வழிகள்.

ஒன்று, கேள்வி நோட்டு. ஒத்திகையில் எழுந்த கேள்வி, அதற்கு யாரிடம் அல்லது எங்கே விடை தேடினேன், காட்சியில் என்ன மாறியது என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்தப் பாடம் ஒட்டவில்லை என்று அறியலாம்.

இரண்டு, இடமாற்றம். ஒன்பதாம் வாரத்தில் ஒரு நாள், திடீரென்று வேலைகளை மாற்றுங்கள். விளக்குப் பிள்ளை மலைவளத்தை விளக்கட்டும். குறத்தி, விளக்கு அட்டவணையைச் சொல்லட்டும். தன் பங்கு மட்டும் தெரிந்தவர்கள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்று, நிகழ்ச்சிக்குப் பிந்தைய வாரம் ஒரு சாதாரண எழுத்துத் தேர்வு. பாடநூல் கேள்விகளையே கேளுங்கள்; நாடகத்தைக் குறிப்பிட வேண்டாம். மேடையில் கற்றது தேர்வுத்தாளிலும் வருகிறதா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. உங்களிடம் விடை இருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பதிவு செய்த பாட்டுக்கு வாயசைப்பது கூடவே கூடாது. அந்த ஒரு முடிவில் தாளம், சுருதி, ஒலி மூன்று பாடங்களும் ஒன்றாகப் போய்விடும். பிள்ளைகள் சுமாராகப் பாடினாலும் அவர்கள் பாட்டே மேல். பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் சுருதிப்பெட்டியும் கைத்தாளமும் போதும்.

நன்றாகப் பாடுகிற ஒரே பிள்ளையின் மேல் நாடகத்தை ஏற்றாதீர்கள். குறத்தியை மூவருக்குப் பிரித்துக் கொடுத்தது அதற்காகத்தான். வாடகை உடைக்காகப் பெற்றோரிடம் பணம் கேட்காதீர்கள். வீட்டுச் சேலையும் வேட்டியும் இந்த நாடகத்துக்குப் போதுமானவை. கதை ஒரு கோயிலைச் சுற்றியது என்பதால், பிற சமயப் பிள்ளைகள் எந்தப் பங்கை ஏற்பது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகே வேறொரு நாடகம் இருந்தால் அதையே எடுங்கள். தஞ்சைப் பக்கம் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இருக்கிறது. மயிலாடுதுறை, சிதம்பரம் பக்கம் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் இருக்கிறது. நாடகம் மாறினால் கேள்விகளும் மாறும், விதி மாறாது. அடுத்த ஆண்டு விழாவுக்குத் தேதி குறிக்கும் நாளிலேயே கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நூலை நடுவில் வைத்து, அவரவர் பங்குக்கு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளோடு முதல் வாரத்தைத் தொடங்கலாம்.